மாய உலகக் கதையில் வட்டிக்கடை வைக்கிறீர்களா?

கதை முழுக்க எல்லா ஊரிலும் ஒரே தங்கக் காசைப் புழங்க விடாதீர்கள், சுவாரசியமே போய்விடும். நிஜ இடைக்கால ஐரோப்பாவில் 1252-இல் பிளாரன்ஸ் நகரம் ஃபுளோரின் என்ற தங்கக் காசை அடித்தது, 1284-இல் வெனிஸ் நகரம் டுகாட் என்ற தங்கக் காசை. இரண்டும் சுமார் 3.5 கிராம் தங்கம். வெள்ளிக் காசுகளோ ஓரம் சுரண்டியவை, செம்பு கலந்தவை. அதனால் நாணயம் மாற்றுபவர் தராசில் நிறுப்பார், தங்கத்தை உரைகல்லில் தேய்ப்பார். உங்கள் நாயகன் நூறு காசு நீட்டட்டும், எண்பதுதான் தேறும் என்று அவர் சொல்லட்டும். சண்டை தானாக வரும்!

அப்புறம் வட்டி. திருச்சபை அதைத் தடை செய்திருந்ததால், லாபத்தை நாணய மாற்று விகிதத்தில் ஒளித்தார்கள்: ஓர் ஊரில் கடன், வேறு ஊரில் வேறு காசில் வசூல். அடகுக்கடைக்கு, 1462-இல் இத்தாலியின் பெருஜியா நகரில் ஏழைகளுக்காகத் தொடங்கிய அடகு நிலையம் நல்ல மாதிரி. மீட்காத பொருள் ஏலத்துக்குப் போகும். நாயகனின் வாளை அங்கே வையுங்கள்.