மேட்ச் டிக்கெட் இல்லாமல் ஐரோப்பாவின் கால்பந்துக் கோடை: பாண்டியிலிருந்து பேக்பேக்கோடு கிளம்புகிறவர்களுக்கு

டிக்கெட் கிடைத்தால் போகலாம் என்று காத்திருந்தால் கிளம்பவே மாட்டீர்கள். ஜெர்மனியில் நடந்த 2024 யூரோ கோப்பைக்கு (ஐரோப்பிய நாடுகள் மோதுகிற கால்பந்துப் போட்டி) நானும் என் மாமா மகனும் கையில் ஒரு மேட்ச் டிக்கெட்கூட இல்லாமல்தான் போனோம். ஜூன் 20 பாரிஸில் இறங்கி ஜூலை 15 திரும்பினோம், 25 இரவு. ஒரு மைதானத்துக்குள்ளும் போகவில்லை. ஆனால் அந்தக் கோடையை முழுசாகப் பார்த்துவிட்டோம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். இதைப் படிக்கிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இரண்டு: ஆட்டம் நடக்கிற ஊரில் தங்காதீர்கள், பக்கத்து ஊரில் தங்குங்கள். தேதி மாறாத திருவிழாக்களை முதலில் காலண்டரில் குறித்துவிட்டு, ஆட்டங்களை அதற்கு நடுவில் பொருத்துங்கள்.

ஏனென்றால் திருவிழாவுக்கு டிக்கெட் வேண்டாம், தேதியும் வருஷத்துக்கு வருஷம் நகராது. ஜூன் 21 பிரான்ஸ் முழுக்க இசை நாள், 1982 முதல் நடக்கிறது, தெருமுனைக்குத் தெருமுனை யாராவது வாசித்துக்கொண்டிருப்பார்கள், எல்லாம் இலவசம். ஜூன் 23 ராத்திரி போர்ச்சுகலின் போர்ட்டோவில் புனித ஜான் திருவிழா. தெருவில் மத்தி மீன் சுட்டுச் சாப்பிட்டுக்கொண்டே, முன்பின் தெரியாதவர் தலையில் பிளாஸ்டிக் சுத்தியலால் செல்லமாகத் தட்டுவார்கள். இத்தாலியின் சியெனாவில் ஜூலை 2, ஆகஸ்ட் 16 இரண்டு நாளும் குதிரைப் பந்தயம். சதுக்கத்தின் நடுவில் நின்று பார்க்கக் காசு இல்லை, ஆனால் வெயிலில் மணிக்கணக்காக நிற்க வேண்டும். ஜூலை 14, பிரான்ஸின் தேசிய நாள், அது பற்றிப் பாண்டிக்காரர்களான நமக்குச் சொல்லவே வேண்டாம், கடற்கரைச் சாலையில் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறோம்.

அடுத்து விசா. பாண்டியில் பிரெஞ்சு துணைத் தூதரகம் இருக்கிறதே, பிரான்ஸுக்கே விண்ணப்பித்துவிடலாம் என்று நாங்களும் முதலில் நினைத்தோம். அப்படி முடியாது. பிரான்ஸ், ஜெர்மனி உட்பட ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் செல்லுகிற ஒரே விசாதான் ஷெங்கன். அதை எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். எங்களுக்கு ஜெர்மனியில் 19 இரவு, பிரான்ஸில் 6 இரவு, அதனால் ஜெர்மனி விசாவுக்காகச் சென்னை போனோம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். கோடைக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பாடு, பொங்கல் முடிந்த கையோடு ஆரம்பித்துவிடுங்கள். ஹாஸ்டல்களை (பயணிகள் படுக்கை வாடகைக்கு எடுக்கிற மலிவு விடுதி) ரத்து செய்யும் வசதியோடு புக் செய்யுங்கள், விசா தாமதமானால் பணம் போகாது. ஒன்றை மறக்காதீர்கள்: 2028 யூரோ கோப்பை பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஜூன் 9 முதல் ஜூலை 9 வரை. அங்கே ஷெங்கன் விசா செல்லாது. 2030 உலகக் கோப்பையில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் மொராக்கோவும் இருக்கின்றன. முதல் இரண்டுக்கும் ஷெங்கன் போதும்.

சரி, தங்குவது. ஆட்டம் நடந்த ஜெர்மன் ஊர்களில் ஒன்றான டார்ட்முண்டில் ஆட்ட நாள் ஹாஸ்டல் வாடகையைப் பார்த்ததும் எங்களுக்குத் தலை சுற்றியது. வரைபடத்தை விரித்து, ரயிலில் அரை மணிக்குள் வருகிற ஊர்களைத் தேடினோம். சுமார் 30 கிலோமீட்டரில் ஹாம் என்று ஓர் ஊர் கிடைத்தது. அங்கே ஈழத் தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது, 2002இல் குடமுழுக்கு ஆனது, நம் ஊர்க் கோபுரம் அப்படியே ஜெர்மன் வயல்வெளிக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஊர் மையத்திலிருந்து தள்ளித்தான், ஊன்ட்ராப் என்ற பகுதியில், பஸ்ஸில் போக வேண்டும். வாசலில் ஒரு பெரியம்மா, “எந்த ஊர் தம்பி?” என்றார், பாண்டிச்சேரி என்றதும் பக்கத்தில் உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினார், கிளம்பும்போது எந்தப் பஸ்ஸில் ஏற வேண்டும் என்று கூடவே வந்து காட்டினார். ஆட்டம் பார்க்கப் போன ஊரில் இப்படி ஒரு மத்தியானம் கிடைக்கும் என்று நாங்கள் நினைக்கவே இல்லை. பெரிய ஊரில் அறை எடுத்திருந்தால் ஹாம் என்ற பெயரே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

பக்கத்து ஊரில் தங்கினால் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். ராத்திரி 9 மணி ஆட்டம் முடிய 11 ஆகும், கூடுதல் நேரம், பெனால்டி என்று போனால் நள்ளிரவு நெருங்கிவிடும்.

டிக்கெட் இல்லாதவர்கள் ஆட்டம் பார்க்கிற இடம் ஃபேன் ஸோன், அதாவது பெரிய திரை வைத்த திறந்தவெளி அல்லது சதுக்கம், ஜெர்மனியில் நாங்கள் போனதெல்லாம் இலவசம்தான். நிரம்பினால் கதவை அடைத்துவிடுவார்கள், அதனால் இரண்டு மணி நேரம் முன்னதாகப் போங்கள். பெரிய பையோடு போனால் உள்ளே விடமாட்டார்கள். ஆட்டம் நடக்கிற மைதானங்களில் ஏ4 தாள் அளவுக்கு மேல் பை கூடாது என்பதே விதி. பேக்பேக்கை ஹாஸ்டலிலோ ரயில் நிலைய லாக்கரிலோ போட்டுவிட்டுப் போங்கள். குடிக்கிற கோப்பைக்கு டெபாசிட் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு கைக்கு வரும். ஜெர்மனியில் தண்ணீர் பாட்டிலுக்கும் 25 சென்ட் அப்படித்தான், சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் ரசீது வரும், அதைக் கழித்துக்கொள்வார்கள். வீராம்பட்டினம் தேருக்குப் போகிற பழக்கம் இருந்தால் கூட்டத்தில் எப்படி நடப்பது என்று உங்களுக்குத் தெரியும்: பர்ஸ் முன்பாக்கெட்டில், தொலைந்தால் எங்கே சந்திப்பது என்று முன்கூட்டியே பேச்சு. கூட்டத்தில் போன் சிக்னலை நம்பாதீர்கள்.

மழைக்கோட்டு கட்டாயம். ஜூன் 29 டார்ட்முண்டில் ஜெர்மனி-டென்மார்க் ஆட்டம் இடி மின்னலால் சுமார் 25 நிமிடம் நின்றுபோனது. நான் வெறும் டீ-ஷர்ட்டில் வெளியே நின்றுகொண்டிருந்தேன், அடுத்த இரண்டு நாள் காய்ச்சல்.

டிக்கெட் இல்லாவிட்டாலும் ஆட்டத்துக்கு முந்தைய ஊர்வலத்தைத் தவறவிடாதீர்கள். ஜூலை 10 அரையிறுதிக்கு நெதர்லாந்து ரசிகர்கள் டார்ட்முண்டை ஆரஞ்சு நிறமாக்கிவிட்டார்கள். பாட்டுக்கு எல்லோரும் சேர்ந்து இடப்பக்கம் துள்ளுவார்கள், உடனே வலப்பக்கம். பெரியவர், குழந்தை என்று வித்தியாசமே இல்லை, எங்களையும் கைப்பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அன்று அவர்கள் இங்கிலாந்திடம் 2-1 என்று தோற்றார்கள். திரும்புகிற ரயிலில் பேச்சே இல்லை, எனக்கும் தொண்டை அடைத்தது.

ரயில் செலவைக் குறைக்க ஜெர்மனியின் மாதாந்திர டிக்கெட்டைப் பாருங்கள். நாங்கள் போனபோது 49 யூரோ, 2026இல் 63. நாடு முழுக்க வட்டார ரயில், பஸ், டிராம், மெட்ரோ எல்லாம் அடக்கம், அதிவேக ரயில் மட்டும் கிடையாது. ஆனால் இது சந்தா, மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் எடுத்துவிடுவார்கள். நாலைந்து நாடுகள் என்றால் யூரேல் பாஸ், பல நாட்டு ரயில்களுக்கும் ஒரே பாஸ். 27 வயது வரை தள்ளுபடி உண்டு. பிரான்ஸ், ஸ்பெயின் அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவுக்குத் தனிக் காசு.

பையில் 8 கிலோவுக்கு மேல் வேண்டாம். ஒரு கைலி, சீக்கிரம் காய்கிற ஈரிழைத் துண்டு, பூட்டு, காதடைப்பான். ஹாஸ்டல் சமையலறை இருக்கிறது, அதனால் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் எடுத்துப் போங்கள், அரிசி அங்கேயே வாங்கலாம். நெய், பால்கோவா, கறி ஊறுகாய் கூடாது. இறைச்சி, பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். மாம்பழம், கறிவேப்பிலையும் வீட்டிலேயே இருக்கட்டும். கார்டு தேய்க்கும்போது ரூபாயா யூரோவா என்று இயந்திரம் கேட்டால் எப்போதும் யூரோ, ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தில் அடி விழும். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே சாப்பாட்டுச் சாமான் வாங்கிவிடுங்கள்.

கடைசி நாட்களைப் பாரிஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை 13, 14 இரண்டு ராத்திரியும் தீயணைப்பு நிலையங்கள் ஊர் மக்களுக்குக் கதவைத் திறந்து நடனம் நடத்தும், வாசலில் சின்னத் தொகை கொடுத்தால் போதும். 2024இல் ஜூலை 14 அன்றே பெர்லினில் இறுதிப்போட்டியும் நடந்தது. ஸ்பெயின் 2-1 என்று இங்கிலாந்தை வென்றதை ஒரு கஃபேயில் பார்த்துவிட்டு வாணவேடிக்கைக்கு ஓடினோம். ஐஃபல் கோபுரத்தைச் சுற்றியுள்ள சில மெட்ரோ நிலையங்களை அன்று மாலையே மூடிவிடுவார்கள். அதனால் வேடிக்கை முடிந்ததும் அவற்றைத் தேடி அலையாமல் மோன்பர்னாஸ் ரயில் நிலையம் பக்கம் நடையைக் கட்டுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், வழியெல்லாம் ஆட்கள் கூடவே நடந்து வருவார்கள்.