மீட்டர் மினுக்கலை எண்ணி கரண்ட் பில்லைக் கணக்கிடுவது எப்படி?

மண்டபத்தில் கடலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. போன கோடையில் வந்த பில்லைப் பார்த்து மீட்டர்மீதுதான் சந்தேகப்பட்டேன். கணக்குப் போட்ட பிறகு மீட்டர் நிரபராதி என்று தெரிந்தது.

முதலில் ஒரு பேப்பரில் வீட்டிலுள்ள மின்சாதனங்களை எழுதுங்கள். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். சாதாரண ஃபேன் 75 வாட். நான்கு ஃபேன் தினம் 12 மணி நேரம் சுற்றினால் 3.6 யூனிட், இரண்டு மாதத்துக்கு 216.

வாட் தெரியாத சாதனத்துக்கு மீட்டரே சொல்லும். அதில் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கும். பக்கத்தில் 3200 என்று போட்டிருந்தால், 3200 முறை மினுக்கினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். (சில மீட்டரில் எண் வேறாக இருக்கும்.) எல்லாவற்றையும் அணைத்து, ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கி, இன்வெர்ட்டரையும் நிறுத்துங்கள். ஒரே ஒரு ஃபேனைப் போட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். எனக்கு 4 வந்தது. மணிக்கு 240, அதை 3200-ஆல் வகுத்தால் 0.075 யூனிட். அதே 75 வாட்! எல்லாம் அணைத்த பிறகும் மினுக்கினால் செட்டாப் பாக்ஸ் மாதிரி ஏதோ ஒன்று ஓடுகிறது, தேடுங்கள்.

ஃபிரிட்ஜுக்கு இந்த முறை சரிவராது, கம்ப்ரஸர் விட்டு விட்டு ஓடும். ஊருக்குப் போகும்போது அதை மட்டும் ஓடவிட்டு, போகும்போதும் வந்தபோதும் ரீடிங் எடுத்தேன். நாளுக்கு 2 யூனிட்! ஸ்டிக்கரில் போட்ட கணக்குப்படி 0.6-தான் வரவேண்டும். பின்பக்கக் குழாய்களை உப்புக்காற்று துருவாக்கியிருந்தது, கதவு ரப்பரும் பிடிக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு 120 யூனிட்.

விளக்கு, டிவி, மோட்டார், மிக்ஸி எல்லாம் சேர்த்து இன்னொரு 96. ஆக 432. இதோடு பத்து இரவு ஏசி, இரவுக்கு 7 யூனிட் வீதம் 70. மொத்தம் 502.

இப்போது காசு. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் கட்டணப்படி வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். அதைத் தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரைக்கான சலுகை விலை போய்விடும். 502 யூனிட்டுக்கு 1,966 ரூபாய். கடைசி இரண்டு யூனிட்டின் விலை 241 ரூபாய்! அதற்குப் பிறகு கட்டணம் ஏறியிருக்கிறது, அதனால் கடைசி பில்லில் உள்ள விகிதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஃபேனை மட்டும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக (குறைந்த கரண்டில் சுற்றும் வகை) மாற்றினால் 65 யூனிட் குறைந்து 437. பழைய விகிதத்தில் அது 1,347 ரூபாய்தான்.

இந்தக் கரண்டால் எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்று பார்க்க யூனிட்டை 0.7-ஆல் பெருக்குங்கள். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய அத்தனை கிலோ. 502-க்கு 351 கிலோ. "நம்ம கமுதியிலேயே 648 மெகாவாட் சோலார் இருக்கே, நம்ம கரண்டுக்கு ஏது புகை?" என்று மச்சான் கேட்டார். கமுதி கரண்டும் நிலக்கரிக் கரண்டும் ஒரே கம்பியில் கலந்துதான் வருகின்றன, மச்சான். மாடியில் நாமே தகடு போட்டால் வேறு கணக்கு.

அப்புறம், ரீடிங் எடுக்க வருவதற்குப் பத்து நாள் முன்பு மீட்டரைப் பார்த்து, கார்டில் எழுதிய பழைய ரீடிங்கைக் கழியுங்கள். 420-ஐத் தாண்டியிருந்தால், 500-க்குள் நிற்க அந்தப் பத்து நாளும் ஏசி ரிமோட்டை ஒளித்து வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அது அரிசிப் பானைக்குள் இருக்கிறது.