பிளேசர் போட்டால் மட்டும் போதுமா? ஃபேஷன் படிக்கும் குமரி மாவட்டப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் காலை ஆறு மணிக்கு நின்று பார்த்தால், நேர்காணலுக்குக் கிளம்பிய பிள்ளைகளை உடனே கண்டுபிடித்துவிடலாம். கையில் ஒரு ஃபைல், உடம்பில் கறுப்பு பிளேசர். திருவனந்தபுரம் பஸ் களியக்காவிளையைத் தாண்டுவதற்குள் அந்த பிளேசருக்கு உள்ளே சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். ஃபேஷன் டிசைன் படிக்கும் பிள்ளைகளையும் இந்தக் கோலத்தில் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. மூன்று வருஷம் துணியைப் பற்றியே படித்தவர்கள் துணியைத் தேர்ந்தெடுப்பதிலேயே சறுக்குகிறார்கள்.

நானும் இப்படிச் சறுக்கியவள்தான். படிப்பு முடிந்ததும் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்துக்கு, மெர்சண்டைசர் வேலைக்கு, அதாவது ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு போகும்வரை கூடவே நின்று பார்க்கும் வேலைக்கு, நேர்காணல் போனேன். கடையில் அவசரமாக வாங்கிய ரெடிமேட் பிளேசர். எதிரே உட்கார்ந்திருந்த மூன்று பேரில் ஒருவர் பேட்டர்ன் மாஸ்டர், துணி வெட்டுவதற்கான மாதிரி வடிவங்களை வரைபவர். என் கை விளிம்பைப் பார்த்துவிட்டு, "இது என்ன துணிங்கம்மா? உள்ளே என்ன லைனிங் குடுத்திருக்காங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "தோள் ஒரு இன்ச் வெளியே நிக்குதே, பாத்தீங்களா?" என்றார். அதையும் நான் பார்த்திருக்கவில்லை. ராத்திரி பகலாக வரைந்து கொண்டுபோன போர்ட்ஃபோலியோவை அவர் திறக்கவே இல்லை. தெரிய வேண்டியது அவருக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. பிறகு வேறு இடத்தில் வேலை கிடைத்து, சில வருஷங்கள் கழித்து மேஜைக்கு அந்தப் பக்கம் நான் உட்கார்ந்தபோது, வந்த பிள்ளைகளிடம் நானும் அதே கேள்வியைத்தான் முதலில் கேட்டேன்.

வங்கி வேலைக்குப் போகிறவர் சுத்தமாக, இஸ்திரி போட்டு உடுத்திப் போனால் போதும். துணித் தொழிலில் நீங்கள் உடுத்தி வருவதுதான் நீங்கள் காட்டும் முதல் சாம்பிள். அதைப் பற்றிக் கேட்டால் பதில் இருக்க வேண்டும். "காட்டன்" என்பது பாதிப் பதில். எந்த வகைக் காட்டன், பாப்ளினா, ட்வில்லா, கேம்பிரிக்கா? டி-ஷர்ட் என்றால் எந்தப் பின்னல், சிங்கிள் ஜெர்ஸியா, இன்டர்லாக்கா? ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில், சுமாராக எவ்வளவு இருக்கும்? விலை கூடிய உடையைப் போட்டுக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருப்பதைவிட, நீங்களே வெட்டித் தைத்த ஒரு பருத்திக் குர்த்தியைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுவது எவ்வளவோ மேல். காலரில் எங்கே தடுமாறினீர்கள், அதை எப்படிச் சரி செய்தீர்கள் என்று சொல்லும்போது கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

அடுத்தது நம்முடைய வெக்கை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல், இரண்டு பருவமழை. இந்த ஈரக் காற்றில் பாலியெஸ்டர் கோட்டு ஏன் கொல்கிறது என்பது உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. மாய்ஸ்சர் ரீகெயின், அதாவது இழை காற்றிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளும் ஈரம், பருத்திக்குச் சுமார் 8.5 சதவீதம், லினனுக்குச் சுமார் 12 சதவீதம், பாலியெஸ்டருக்கு வெறும் 0.4 சதவீதம். அதனால் வியர்வையை பாலியெஸ்டர் இழை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய இந்த எண்களை உடம்பில் போடும்போது மறந்துவிடுகிறோம். சரி, அப்போ லினனே போடலாமா என்றால், லினன் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலே கசங்கிவிடும். நான் சொல்லும் வழி சாதாரணமானது. பயணத்துக்கு ஒரு சட்டை, நேர்காணலுக்கு ஒரு சட்டை. இரண்டாவதைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், ரயில் நிலையக் காத்திருப்பு அறையில் மாற்றிக்கொள்ளுங்கள். மழை மாதம் என்றால் நல்ல செருப்பும் பையில்தான் போக வேண்டும்.

அளவு விஷயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இடுப்பு, கை நீளம், பேன்ட் நீளம் எல்லாவற்றையும் நல்ல டெய்லரிடம் கொடுத்துச் சரி செய்யலாம். கோட்டின் தோளைச் சரி செய்வது கிட்டத்தட்ட புதிதாகத் தைப்பதற்குச் சமம். ஆகவே கடையில் முதலில் தோளைப் பாருங்கள். தோள் எலும்பு முடியும் இடத்தில் தையல் நின்றால் வாங்கலாம். இல்லையென்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

புடவையோ சுடிதாரோ போட்டால் பழைய ஆள் என்று நினைப்பார்களோ என்ற பயம் நம் பெண்பிள்ளைகளிடம் நிறைய இருக்கிறது. தேவையே இல்லை. மடிப்பு நின்று பேசும் ஒரு கைத்தறிப் புடவை எந்த பிளேசருக்கும் குறைந்ததில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். கம்பெனியில் நேர்காணல் முடிந்ததும் "வாங்க, ஃப்ளோரைப் பார்க்கலாம்" என்று தையல் நடக்கும் இடத்துக்குக் கூப்பிடுவது உண்டு. தொங்கும் துப்பட்டா, ஹீல்ஸ், குலுங்கும் வளையல் எல்லாம் தையல் மெஷின் பக்கத்தில் ஆபத்து. சேஃப்டி பின்னை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. குழந்தைகள் உடை தைக்கும் இடங்களில், துணிக்குள் உலோகத் துண்டு போய்விடக் கூடாது என்பதில் மிகக் கறாராக இருப்பார்கள். ஓர் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி தருவார்கள். அங்கே துப்பட்டா முழுக்கப் பின் குத்திக்கொண்டு நின்றால் வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஃபேஷன் வேலைதானே என்று ராம்ப் மேடைக்குப் போவதுபோல உடுத்துவது. மெர்சண்டைசிங், குவாலிட்டி, பேட்டர்ன் வேலைகளுக்கு அது பொருந்தாது. ஸ்டைலிங் வேலைக்கு வேண்டுமானால் கொஞ்சம் துணிச்சல் காட்டலாம்.

இனி ஆள் பழக்கம். நெட்வொர்க்கிங் என்றதும் நம் பிள்ளைகள் சிபாரிசு என்று புரிந்துகொள்கிறார்கள். "எங்களுக்குப் பெரிய இடத்தில் ஆள் இல்லையே அக்கா" என்கிறார்கள். சென்னையிலோ பெங்களூருவிலோ இருக்கும் யாரோ ஒருவர் கைதூக்கி விட்டால்தான் உண்டு என்று காத்திருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர்களைப் பார்ப்பதே இல்லை. இதைத்தான் நான் மிகப் பெரிய தவறு என்பேன்.

நம் மாவட்டத்துக்குத் துணியில் ஒரு நீண்ட கதை இருக்கிறது. மேல்துணி உடுத்தும் உரிமைக்காகப் பெண்கள் அடிபட்டுப் போராடி, 1859-இல் திருவிதாங்கூர் அரசை இறங்கிவர வைத்த மண் இது. மிஷனரியாக வந்த மார்த்தா மால்ட் 1820-களில் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். முளகுமூட்டில் கன்னியர் மடம் வழியாக லேஸும் எம்பிராய்டரியும் வளர்ந்தன. வடசேரியில் கோயில் நகை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. திருவனந்தபுரம் பஸ் பாலராமபுரம் வழியாகத்தான் போகிறது. அந்த ஊர்க் கைத்தறி உலகம் அறிந்தது. ஒருநாள் அங்கே இறங்கித் தறிக்குப் பக்கத்தில் நின்று பார்த்த மாணவர்கள் எத்தனை பேர்? "உங்க ஊர்ல என்னம்மா விசேஷம்?" என்று நேர்காணலில் கேட்டால், திருவள்ளுவர் சிலையையும் சூரிய உதயத்தையும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறோம்.

மார்த்தாண்டத்தில் பள்ளிச் சீருடை தைக்கும் அண்ணனிடம் போய், "அண்ணே, சீசன்ல ரெண்டு வாரம் கூட நின்னு பாக்கட்டுமா?" என்று கேளுங்கள். ஒரே அளவில் நூறு சட்டைகளை எப்படி வெட்டுகிறார், துணி வீணாகாமல் எப்படி மார்க்கர் போடுகிறார் (வெட்ட வேண்டிய பாகங்களைத் துணியின் மேல் நெருக்கி அடுக்குகிறார்) என்று கற்றுக்கொண்டால், திருப்பூர் மாஸ்டரிடம் பேச உங்களுக்கு ஒரு விஷயம் இருக்கும். ஜவுளிக்கடை ஃப்ளோர் மேனேஜருக்கு எந்த நிறம் ஓணத்துக்கு ஓடும், எது கிறிஸ்மஸுக்கு ஓடும் என்று விரல் நுனியில் இருக்கும். இவர்கள் எல்லாரும் உங்கள் தொடர்புகள்தான்.

வெளியூர் ஆட்களுக்கு லிங்க்ட்இன்னிலோ மெயிலிலோ எழுதும்போது "சார், ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று அனுப்புவதை நிறுத்துங்கள். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "வணக்கம் சார். நாகர்கோவிலில் கடைசி வருஷம் ஃபேஷன் டிசைன் படிக்கிறேன். குழந்தைகள் உடையில் நீங்கள் வேலை செய்வதைப் பார்த்தேன். ஒரு ராம்பர் தைத்தேன், கழுத்து ரிப் அலை அலையாக நிற்கிறது. படம் இணைத்திருக்கிறேன். எங்கே தவறு என்று சொல்ல முடியுமா?" தெளிவான சின்னக் கேள்விக்குத் தொழில் தெரிந்தவர்கள் ஆசையாகப் பதில் சொல்வார்கள். பதில் வந்ததும் வேலை கேட்கக் கூடாது. அவர் சொன்னபடி திருத்தித் தைத்து அந்தப் படத்தை அனுப்ப வேண்டும்.

பேச்சு விஷயம் ஒன்று. நம் ஊர்த் தமிழ் மலையாள வாடை அடிக்கிறது என்று யாராவது சிரித்துவிடுவார்களோ என்று கல்விக் கண்காட்சிகளிலும் துணிக் கண்காட்சிகளிலும் வாயே திறக்காமல் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர், அந்த வாடை இருக்கத்தான் செய்யும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் மலையாளம் புரிகிற ஒரு தமிழ் மெர்சண்டைசருக்கு மதிப்பு அதிகம். அதை பயோடேட்டாவில் எழுதுங்கள்.

இன்டர்ன்ஷிப் கிடைத்த பிறகு செய்யும் ஒரு தவறு வேலையையே பறித்துவிடும். ஃப்ளோரில் அழகான சாம்பிளைப் பார்த்ததும் போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவது. அது அடுத்த சீசனுக்காக ஒரு பையர், அதாவது ஆர்டர் கொடுக்கும் கம்பெனி, நம்பிக் கொடுத்த டிசைன். கடைக்கு வரும் முன்னால் அது வெளியே தெரிந்தால் அந்த ஆர்டரே போகலாம். கேட்காமல் எதையும் படம் எடுக்காதீர்கள். போர்ட்ஃபோலியோவிலும் நீங்கள் சொந்தமாகச் செய்ததை மட்டும் வையுங்கள். வெறும் ஓவியம் போதாது. உடையின் முன்பக்க, பின்பக்கக் கோட்டோவியம், அளவுகள், துணித் துண்டு மூன்றும் கூடவே இருக்கட்டும்.

வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நேர்காணல் என்று சொல்லி அலுவலகம் அல்லாத இடத்துக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள், வீட்டிலும் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யாரையாவது பார்த்துப் பேசிவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸிலேயே எழுதுங்கள்: பெயர், என்ன வேலை பார்க்கிறார், என்ன சொன்னார், நாம் என்ன செய்வதாகச் சொன்னோம். நம்மில் பலர் நம்பர் வாங்கிக்கொண்டு, ஆறு மாதம் கழித்து யார் என்றே நினைவில்லாமல் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறோம். நோட்டு இருந்தால் மூன்று வாரத்தில் கூப்பிட்டு, "மாஸ்டர், நீங்க சொன்ன மாதிரி அந்தக் காலரைத் திரும்பத் தைச்சேன், இப்போ பாருங்க" என்று பேச்சைத் தொடங்க முடியும்.