தெருவில் கொட்டிய மது மட்டும்தான் நமக்கு ஞாபகம் இருக்கிறது

நபிகள் நாயகத்தின் காலத்தில் மதீனாவில் மதுவுக்குத் தடை வந்த அன்று, அபூ தல்ஹா என்ற நபித்தோழர் வீட்டில் பேரீச்சங்காய் மது பரிமாறிக்கொண்டிருந்தவர் அனஸ் என்ற இளைஞர். வெளியே அறிவிப்புக் குரல் கேட்டது, என்னவென்று பார்க்கச் சொன்னார்கள், தடை என்று தெரிந்ததும் 'கொட்டிவிடு' என்றார் அபூ தல்ஹா. மதீனாத் தெருக்களில் மது ஓடியது.

இந்தக் காட்சியை மட்டும் சொல்லி, 'பார், ஒரே சொல்லில் நிறுத்திவிட்டார்கள்' என்று முடிப்பதுதான் நாம் அடிக்கடி செய்யும் தவறு. அதற்கு முன்பே, மதுவில் பயனைவிடக் கேடு பெரிது என்று குர்ஆனில் ஒரு வசனம் (2:219) வந்துவிட்டது, அப்புறம் போதையோடு தொழுகையை நெருங்காதீர்கள் என்று இன்னொன்று (4:43). ஒரு நாளைக்கு ஐந்து வேளைத் தொழுகை இருக்கும்போது எப்போது உட்கார்ந்து குடிப்பது? பழக்கம் பாதி தளர்ந்த பிறகுதான் முழுத் தடை (5:90) வந்தது. முதலிலேயே 'குடிக்காதீர்கள்' என்று இறங்கியிருந்தால் மக்கள் விடவே மாட்டோம் என்றிருப்பார்கள், இது நபிகளின் மனைவி அன்னை ஆயிஷா சொன்னது.

சரி, படிப்படியாகத்தானே என்று இதையே சாக்காக வைத்துத் தள்ளிப்போடுவதும் தவறுதான். 632இல் இறுதி ஹஜ் உரையில் வட்டி பாக்கிகளை ரத்து செய்தபோது நபிகள் முதலில் ரத்து செய்தது தம் சிறிய தந்தை அப்பாஸுக்கு வர வேண்டிய வட்டியை. சொந்த வீட்டில் கை வைக்க அவர் காத்திருக்கவில்லை.

நபித்தோழர்கள் எதையும் யோசிக்காமல் கேட்டார்கள் என்று பேசுவதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது. 628, மக்காவுக்கு அருகிலுள்ள ஹுதைபிய்யா. உம்ரா என்ற புனிதப் பயணத்துக்கு வந்தவர்கள் மக்காவுக்குள் போகாமலே திரும்ப வேண்டும் என்று மக்காவாசிகளோடு ஒப்பந்தம், எல்லோருக்கும் மனசு உடைந்துபோய்விட்டது. எழுந்து பலி கொடுங்கள், தலைமுடி மழியுங்கள் என்று நபிகள் மூன்று முறை சொல்லியும் ஒருவரும் எழவில்லை. அவர் திட்டவில்லை, தம் மனைவி உம்மு ஸலமாவிடம் போய் நடந்ததைச் சொன்னார். 'யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் போய் உங்கள் ஒட்டகத்தை அறுத்து, உங்கள் முடியை மழித்துக்கொள்ளுங்கள்' என்றார் உம்மு ஸலமா. நபிகள் அப்படியே செய்தார், அதைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஒரு பெண்ணின் யோசனையை அந்த நெருக்கடியில் கேட்டு நடந்த தலைமை அது, இதை நாம் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, அடிமைமுறை அப்போதே ஒழிந்துவிட்டது என்று எழுதாதீர்கள். ஒழியவில்லை. சத்தியத்தை முறித்தால் அதற்கான பரிகாரங்களில் ஒன்றாக ஓர் அடிமையை விடுதலை செய்வது வைக்கப்பட்டது, ஜகாத் என்ற கட்டாய தானத்திலும் அடிமைகளின் விடுதலைக்கு ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. கதவு திறந்தது, ஆனால் பல நூற்றாண்டுகள் அடிமைகள் இருக்கத்தான் செய்தார்கள்.