புதுக்கடையில் பழைய வழக்கேடு தேடுவோருக்கு

கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் லிகிதராக இருக்கிறேன். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கமிருந்து வரும் நம் ஆட்கள் அதிகம் கேட்பது இதைத்தான்: "தங்கச்சி, அப்பாவின்ர காணி வழக்குத் தீர்ப்பு ஒரு கொப்பி எடுக்கேலுமோ?"

எடுக்கலாம். ஆனால் வழக்கிலக்கத்தோடு வாருங்கள். பதிவறையில் ஏடுகள் இலக்கப்படிதான் கிடக்கும். அப்பாவின் பெயரையும் "எண்பதுகளில் நடந்தது" என்பதையும் மட்டும் வைத்துக்கொண்டு யாரும் எதையும் தேட முடியாது.

முதலில் வீட்டிலுள்ள காணி உறுதிப் பத்திரத்தை எடுங்கள். காணி உங்கள் குடும்பத்துக்கு எப்படி வந்தது என்று சொல்லும் பந்தியை நிதானமாகப் படியுங்கள். பங்கீட்டு வழக்கால், அதாவது கூட்டுரிமைக் காணியைப் பிரித்துக் கேட்கும் வழக்கால், வந்த காணி என்றால் 'கொழும்பு மாவட்ட நீதிமன்ற இன்ன இலக்க வழக்கின் இறுதித் தீர்ப்பாணைப்படி' என்ற மாதிரி ஒரு வரி பெரும்பாலும் அகப்படும். அங்கே இல்லையா, காணிப் பதிவகத்துக்குப் போங்கள். பங்கீட்டு வழக்கைக் காணிப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்திலேயே உண்டு. ஆகவே காணியின் ஃபோலியோவில், அதாவது பதிவேட்டில் அதற்குரிய பக்கத்தில், வழக்கிலக்கமும் விழுந்திருக்கும். ஃபோலியோ இலக்கம் வேண்டுமென்றால் உறுதியில் குத்தியிருக்கும் பதிவு முத்திரையைப் பாருங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. வழக்கு மேன்முறையீட்டுக்குப் போனதா? உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தங்கள் தீர்ப்புகளை இணையத்தளத்தில் இலவசமாகப் போடுகின்றன. மிகப் பழையவை அங்கே இராது. கிடைத்தால் முதல் பக்கத்தைப் பாருங்கள், கீழ் நீதிமன்ற வழக்கிலக்கம் அங்கேயே இருக்கும்.

இலக்கத்தின் கடைசி எழுத்தையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். பழைய இலக்கங்களில் 'பி' என்றால் பங்கீடு, 'எல்' காணி, 'எம்' பணம், 'டி' (T) மரணசாசனம். அந்த எழுத்தைத் தவறவிட்டால் வேறு யாருடையதோ வழக்கேடுதான் வரும்.

விண்ணப்பத்தில் "முழு வழக்கேடும் தேவை" என்று எழுதாதீர்கள். காசும் காலமும் வீண். பங்கீட்டு வழக்கென்றால் இறுதித் தீர்ப்பாணையும் அதோடு சேர்ந்த நில அளவைப் படமும்தான் பொதுவாகத் தேவைப்படும். படத்தை மறந்துவிட்டுப் பிறகு திரும்பி வருபவர்கள் நிறையப் பேர். வங்கிக்கோ நொத்தாரிசுக்கோ கொடுப்பதென்றால் நீதிமன்ற முத்திரையோடு அத்தாட்சிப்படுத்திய பிரதி என்று தெளிவாகக் கேளுங்கள். வழக்கில் நீங்கள் கட்சிக்காரர் இல்லையென்றால், உங்களுக்கு அது ஏன் வேண்டும் என்பதையும் இரண்டு வரியில் எழுதுங்கள்: "இறந்த இரண்டாம் எதிராளியின் மகன்" என்பது போல.

வருவது சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும், கொழும்பு அல்லவா. ஆனால் வழக்கின் தரப்பினருக்கு நீதிமன்ற மொழி விளங்காவிட்டால், சட்டப்படி பெறக்கூடிய பகுதிகளைத் தமிழில் கேட்கும் உரிமை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையில் இருக்கிறது. வழக்கைத் தொடங்கும் முறைப்பாட்டையே தமிழில் தாக்கல் செய்யலாம். கேட்பவர்கள்தான் குறைவு.

தீர்ப்பு இப்போதுதான் வந்தது, மேன்முறையீடு செய்ய யோசிக்கிறீர்கள் என்றால் பிரதிக்காகக் காத்திருக்கவே வேண்டாம். மேன்முறையீட்டு அறிவித்தலுக்கு 14 நாள்தான். ஞாயிறும் பொது விடுமுறையும் அதில் சேராது. மனுவுக்குத் தீர்ப்புத் திகதியிலிருந்து 60 நாள். அன்றைக்கே சட்டத்தரணியைப் பிடியுங்கள்.

அப்புறம் சத்தியக்கடதாசி (affidavit). வழக்கேட்டில் சிங்களத்தில் எழுதிய அப்பாவின் பெயரும் உங்கள் பிறப்புச் சான்றிதழில் உள்ளதும் ஓரெழுத்தாவது விலகும். இரண்டும் ஒருவரே என்று சொல்ல இது தேவைப்படும். இந்துவோ முஸ்லிமோ பௌத்தரோ என்றால் வழக்கமாக 'உறுதியுரைத்துக் கூறுவதாவது' என்று தொடங்க வேண்டும். சத்தியம் செய்வது கிறிஸ்தவர்கள். தொடக்கத்தில் உறுதியுரை, அடியில் சமாதான நீதவான் ஒப்பமிடும் பகுதியில் 'சத்தியம் செய்தார்' என்று இருந்தால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு ஆட்சேபிக்க அது போதும். பழைய மாதிரிப் பத்திரத்தைப் பார்த்து அடிக்கும்போது இந்தப் பிழை அடிக்கடி வருகிறது. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அடித்ததாயின், உங்களுக்கு வாசித்து விளக்கப்பட்டது என்ற வரியும் அடியில் இருக்க வேண்டும். கையெழுத்தை வீட்டிலேயே போட்டுக்கொண்டு வராதீர்கள். சமாதான நீதவானுக்கு முன்னால், அடையாள அட்டையோடு போய்ப் போடுங்கள்.