கூண்டுப் பறவைகளை வெளியூருக்கு அனுப்பும்போது செய்யக்கூடாதவை

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கோ, கோயம்புத்தூரிலிருந்து பெங்களூருவுக்கோ அனுப்பிய பறவை இறந்து வந்து சேர்ந்தால், தூரம் தாங்கவில்லை என்று சொல்லி ஆறுதல் அடைகிறோம். ஆனால் காற்றோட்டமான பெட்டியில் வைக்கப்பட்ட ஆரோக்கியமான காக்டெயிலோ (தலையில் கொண்டையுள்ள சிறு கிளி), லவ் பேர்ட்ஸோ (நம் ஊரில் இப்படி அழைக்கப்படும் பட்ஜி என்னும் குட்டிக் கிளி) ஓர் இரவுப் பயணத்தைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். அதற்கு ஆபத்து, காற்று நின்றுபோன இடத்தில் கழியும் நேரத்தில்தான் இருக்கிறது. வண்டி புறப்படுவதற்கு முந்தைய காத்திருப்பு, வழியில் நிற்கும் நேரம், போய்ச் சேர்ந்த பின் ஆள் வராமல் பெட்டி கிடக்கும் நேரம் ஆகியவை பயண நேரக் கணக்கில் வருவதே இல்லை.

இந்த வகையில் மிக மோசமான தவறு, பறவைப் பெட்டியை ஆம்னி பேருந்தின் டிக்கியில் ஏற்றி அனுப்புவது. மலிவு, வீட்டருகே ஏற்றலாம், காலையில் கிடைத்துவிடும் என்பதால் பலரும் இதைச் செய்கிறார்கள். பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. அலகைத் திறந்து மூச்சிரைத்தும், தொண்டைத் தோலைப் படபடவென அசைத்தும், ஈரத்தை ஆவியாக்கியே உடற்சூட்டைத் தணித்துக்கொள்கின்றன. அவற்றின் இயல்பான உடல் வெப்பமே ஏறக்குறைய 40 முதல் 42 டிகிரி செல்சியஸ். கதவு மூடிய டிக்கியில் என்ஜின் சூடும், அடுக்கிய மூட்டைகளின் புழுக்கமும், சில வண்டிகளில் புகையும் சேர்ந்துவிட்டால், எவ்வளவு மூச்சிரைத்தாலும் பறவையால் சூட்டை வெளியேற்ற முடியாது. இரவில் குளிர்ச்சியாகத்தானே இருக்கும் என்பது டிக்கிக்குப் பொருந்தாது. உடன் ஒருவர் இருக்கையில் மடியருகே வைத்துக் கொண்டுபோக முடியாதென்றால், பேருந்தைத் தவிர்த்துவிடுவதே நல்லது.

ரயிலில் அனுப்புவோர் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து, கார்டு பெட்டியை ஒட்டிய லக்கேஜ் பகுதியில் ஏற்றுகிறார்கள். இங்கே தவறு வண்டியைத் தேர்ந்தெடுப்பதில் நேர்கிறது. இடையில் வண்டி மாற்ற வேண்டிய வழித்தடத்தில் அனுப்பினால், மாற்றும் நிலையத்து நடைமேடையில் பெட்டி எவ்வளவு நேரம் கிடக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இரண்டு நிமிடம் மட்டுமே நிற்கும் நிலையத்தில் இறக்கச் சொன்னாலும், பெட்டி இறங்காமலே அடுத்த ஊருக்குப் போய்விடும் வாய்ப்புண்டு. வண்டி புறப்படும் நிலையத்தில் ஏற்றி, அது முடியும் நிலையத்தில் இறக்குவதே பாதுகாப்பு. சென்னை எழும்பூரில் மாலையில் புறப்பட்டுக் காலையில் போய்ச் சேரும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் போன்ற வண்டிகள் இதற்கு ஏற்றவை. பெறுபவர் நேரத்துக்கு நிலையத்தில் நிற்பார் என்பதை உறுதி செய்துகொள்ளாமல் பெட்டியை ஒப்படைக்கக் கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் அவசரமில்லாத பறவையை அனுப்பாமலே இருக்கலாம்.

அடுத்தது பெட்டி. இதில் இரக்கத்தினால் செய்யும் தவறும் உண்டு. நன்றாக உலாவட்டும் என்று பெரிய கூண்டில் வைத்து அனுப்பினால், வண்டி குலுங்கும்போது பறவை பறக்க முயன்று கம்பியில் மோதிக்கொள்ளும். காக்டெயில் இருட்டில் திடீரென மிரண்டு சிறகடிக்கும் பழக்கமுள்ள பறவை. அப்போது வளர்ந்துகொண்டிருக்கும் இரத்த இறகு ஒடிந்தால் குருதி கசிந்துகொண்டே இருக்கும். தலை இடிக்காமல் நிமிர்ந்து நிற்கவும், வால் மடங்காமல் திரும்பவும் போதுமான அளவுள்ள மரப்பெட்டியே போதும். அமரும் குச்சியைத் தரையிலிருந்து ஓரிரு அங்குல உயரத்தில் வைக்க வேண்டும். வழுக்கும் செய்தித்தாளுக்குப் பதில் சாக்குத் துணியை விரித்தால் கால் பிடிப்புடன் நிற்கும்.

காற்றுத் துளைகளை மேல்மூடியில் மட்டும் போடுவது இன்னொரு தவறு. பெட்டியின் மேல் யாராவது ஒரு மூட்டையை வைத்தால் அத்தனை துளைகளும் அடைபடும். பக்கவாட்டில் மூன்று புறங்களிலாவது துளைகள் வேண்டும். அந்தப் புறங்களில் விரற்கடை தடிமனுள்ள மரச்சட்டங்களை வெளியே புடைத்து நிற்கும்படி அடித்துவிட்டால், பக்கத்துப் பார்சல் ஒட்டி உட்கார்ந்தாலும் இடையில் காற்று ஓடும். 'உயிருள்ள பறவைகள்' என்றும், மேற்புறம் எது என்று காட்டும் அம்புக்குறியும், அனுப்புபவர், பெறுபவர் இருவரின் கைப்பேசி எண்களும் பெட்டியின் எல்லாப் பக்கங்களிலும் இருக்கட்டும். லவ் பேர்ட்ஸையும் காக்டெயிலையும் ஒரே அறையில் அடைத்தால் கடிபட்ட காலோடுதான் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும்.

திறந்த கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் முதல் குலுக்கலிலேயே சிந்தி, இறகு நனைந்து, விடியற்காலைக் குளிரில் பறவை விறைத்துப்போகும். வெள்ளரித் துண்டையோ விதை நீக்கிய ஆப்பிளையோ கம்பியில் செருகி வைத்தால் அதுவே தாகம் தீர்க்கும். தினையைக் கிண்ணத்தில் மட்டும் போடாமல் தரையிலும் தூவ வேண்டும். முழு இருட்டில் பறவை இரை எடுக்காது என்பதால், பெட்டியைத் துணியால் இறுக மூடிவிடாமல் மங்கிய வெளிச்சம் புகும்படி விட வேண்டும். மிரளாமல் இருக்கட்டும் என்று மயக்க மருந்து கொடுப்பதைப் போன்ற விபரீதம் வேறில்லை. தடுமாறும் பறவையால் குச்சியைப் பற்றவும் முடியாது, மூச்சைச் சமாளிக்கவும் முடியாது.

எந்தப் பறவையை அனுப்பக் கூடாது என்பதும் முக்கியம். தானாகத் தின்னப் பழகாத குஞ்சு, முட்டையிடும் தறுவாயிலுள்ள பெட்டை, இறகு உதிர்த்துக்கொண்டிருக்கும் பறவை ஆகியவற்றை அனுப்பவே கூடாது. பறவைகள் நோயை மறைக்கும். வெளியே தெரியும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும். சில நாள்களுக்கு முன்பிருந்தே சமையலறைத் தராசில் எடை பார்த்து, எச்சத்தையும், நெஞ்செலும்பு துருத்துகிறதா என்பதையும் கவனித்தால் பல உண்மைகள் தெரியவரும்.

சட்டத்தை மறப்பவர்களும் உண்டு. பச்சைக்கிளி, மலை மைனா, சில்லை போன்ற நம் நாட்டுப் பறவைகளை விற்பதும் அனுப்புவதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அயல்நாட்டுப் பறவைகளிலும் வேறுபாடு இருக்கிறது: சாதாரண லவ் பேர்ட்ஸ் (பட்ஜி), காக்டெயில், இளஞ்சிவப்பு முகமுள்ள ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் ஆகியவை, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் இல்லை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸும், கன்யூர் என்னும் அமெரிக்கக் கிளி வகையும், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியும் இருக்கின்றன. பட்டியலில் உள்ளவற்றை 2024-ஆம் ஆண்டின் விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கைமாறும்போதும் அதைத் தெரிவிக்க வேண்டும்.

பறவை வந்து சேர்ந்ததும் ஆசையோடு பழைய கூட்டத்துடன் விடுவது, பெறுபவர் செய்யும் பெருந்தவறு. முதலில் அமைதியான அறையில் தண்ணீரும் தினையும் வைத்து, யாரும் தொந்தரவு செய்யாமல் விட வேண்டும். அன்று சரியாகத் தின்னாவிட்டாலும் பதறத் தேவையில்லை. மறுநாளும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கியிருந்தால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு மாதமாவது தனிக் கூண்டில், தனிக் கிண்ணத்துடன் வைத்திருப்பது அவசியம். பழைய பறவைகளைக் கவனித்த பிறகு, புதிய பறவையின் வேலையைக் கடைசியில் செய்யுங்கள். வந்த பெட்டியை வீட்டுக்குள் தட்டிச் சுத்தம் செய்யவே கூடாது. காய்ந்த எச்சத்தூசியின் வழியே கிளிக் காய்ச்சல் மனிதர்களுக்கும் தொற்றும் என்பதால், முகக்கவசம் அணிந்து, தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே சாக்கை எடுத்துப் பையில் கட்டி அகற்ற வேண்டும்.