உலகக் கூடலுக்கு யாரை அனுப்புவது, எப்படி அனுப்புவது

பல நாட்டு மக்கள் இயக்கங்கள் கூடிப் பேசும் உலக சமூக மாமன்றம் மாதிரி ஒரு கூடலுக்கு உங்கள் இயக்கத்தை அழைத்திருக்கிறார்கள். "ஆங்கிலம் தெரிந்தவர் போகட்டும்" என்று யாராவது சொல்வார்கள். அங்கேயே மறுத்துவிடுங்கள். நிலத்துக்காகவோ தண்ணீருக்காகவோ முன்னால் நிற்கிறவர்தான் போக வேண்டும். மொழி தெரிந்தவர் அவருக்குத் துணையாகப் போகட்டும். 2004 ஜனவரியில் மும்பை கோரேகாவ்னில் நடந்த மாமன்றத்துக்கு நான் அப்படித் துணைக்குப் போனவள்.

பெயர் கொடுக்கும்போது கூடுதலாக இரண்டு பெயர் சேர்த்துக் கொடுங்கள். 2016இல் மாமன்றம் கனடாவின் மாண்ட்ரியலில் கூடியபோது தெற்கு நாடுகளிலிருந்து வரவேண்டிய பலருக்கு விசாவே கிடைக்கவில்லை. அழைப்புக் கடிதத்தில் இருக்கும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். நுழைவுக் கட்டணம் எவ்வளவு, ஏழைகளுக்கு விலக்கு உண்டா என்று முன்னாலேயே எழுதிக் கேளுங்கள். 2007இல் நைரோபியில் அந்நகரத்து ஏழைகளே கட்டணம் கட்ட முடியாமல் வாசலில் நின்று போராட வேண்டியிருந்தது.

அடுத்து, போகிற கூடல் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தின் டாவோஸில் பணக்காரர்கள் கூடுகிற அதே நாட்களில், 2001இல் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரேயில் மாமன்றம் தொடங்கியது. அந்த ஆண்டே எழுதிய சாசனப்படி மாமன்றத்தின் பெயரால் யாரும் பேச முடியாது, மாமன்றமாகத் தீர்மானமும் போடுவதில்லை. இது தெரியாமல் நாங்கள் தீர்மான நகல் அடித்துக்கொண்டு போய், அதை நிறைவேற்றும் மேடையைத் தேடி ஒரு நாளைத் தொலைத்தோம். காரியமெல்லாம் இயக்கங்கள் தங்களுக்குள் உட்கார்ந்து பேசும் சின்னக் கூட்டங்களில்தான் நடக்கிறது. 2003 பிப்ரவரி 15 அன்று உலகமெங்கும் நடந்த ஈராக் போர் எதிர்ப்புப் பேரணிகளுக்கான அழைப்பு, 2002 நவம்பரில் ஃபுளோரன்ஸில் கூடிய ஐரோப்பிய சமூக மாமன்றத்தில் அப்படித்தான் உருவெடுத்தது.

முதலாண்டு 20,000 பேர் அளவில் வந்த இடத்துக்கு 2005இல் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வந்தார்கள். கூட்டம் பெருகப் பெருக, நம் ஆள் அதில் கரைந்துபோகிற ஆபத்தும் பெருகுகிறது. நிகழ்ச்சி நிரலில் ஒரு நாளைக்கு இரண்டு அமர்வை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மீதி நேரம் மனிதர்களைச் சந்திப்பதற்கு. உங்கள் பிரச்சினை விவசாயம் என்றால் வியா கம்பெசினா போன்ற உழவர் கூட்டமைப்புகள் கூட்டும் சிறிய சந்திப்புகளையும் விசாரியுங்கள். 2007இல் ஆப்பிரிக்காவின் மாலியில் உணவு இறையாண்மைக்காக, அதாவது எதை விளைவிப்பது, எதை உண்பது என்பதை மக்களே முடிவுசெய்யும் உரிமைக்காக, நடந்த கூடலில் ஏறக்குறைய 500 பேர்தான். என் கணக்கில் பேச்சு ஆழமாவது அந்த அளவில்தான்.

மொழிபெயர்ப்பைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். மும்பையில், அணைக்கு ஊரைப் பறிகொடுத்த ஓர் அக்கா பத்து நிமிடம் பேசினார். நான் சுருக்கி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தேன். கீழே இறங்கியதும் கேட்டார்: "என் அம்மாவைப் புதைச்ச இடத்தைப் பத்திச் சொன்னேனே, அதைச் சொன்னியா?" நான் சொல்லவில்லை. இழப்பீடு, ஏக்கர் கணக்கு எல்லாம் சொல்லியிருந்தேன். அவர் சொல்ல வந்ததை விட்டுவிட்டிருந்தேன்.

அன்றிலிருந்து எதையும் சுருக்குவதில்லை. இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லிப் புறப்படும் முன்பே பழகிக்கொள்கிறோம். அவர் "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்வேன். "இவர் சொல்கிறார்" என்று தள்ளி நிற்கமாட்டேன். ஊர்ப் பெயர், எண்கள், புறம்போக்கு, பட்டா போன்ற சொற்கள், அவற்றை எப்படி விளக்குவது என்பதெல்லாம் ஒரு தாளில் இருக்கும். பிறர் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொல்ல வேண்டும். அரைமணி நேரத்துக்கு மேல் ஒருவரே செய்தால் தவறு வரும், அதனால் துணைக்கு இரண்டு பேர் வேண்டும். பல கூடல்களில் பாபெல்ஸ் போன்ற தன்னார்வ மொழிபெயர்ப்பாளர் குழுக்கள் உதவியிருக்கின்றன. ஆனால் தமிழுக்கு ஆள் இருப்பார்கள் என்று நம்பிப் போகாதீர்கள்.

திரும்பிய வாரமே ஊர்க்கூட்டம் போடுங்கள். போய்வந்தவரே பேசட்டும், துணைக்குப் போனவர் வாய்திறக்க வேண்டாம். அங்கே சந்தித்த இயக்கங்களில் இரண்டைத் தேர்ந்து, அந்தக் கூட்டத்திலேயே ஆளுக்கு ஒரு வரி சொல்லக் கேட்டு அவர்களுக்குக் கடிதம் எழுதுங்கள்.